உள்ளூர் ஆட்களுக்கு அனுமதி இல்லை

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை ஒரு நாள் காலையில் டேப் பிடித்து அளந்தார்கள். நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தலைகூட வாரி முடிக்கவில்லை. வீட்டுக்காரரின் மகனும் ஓர் இன்ஜினியரும் உள்ளே வந்து சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அதை இடித்துவிட்டால் பாத்ரூமோடு இரண்டு அறை வரும் என்று இன்ஜினியர் சொன்னார். நான் அந்தச் சுவருக்கு முன்னால் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் ஒரு பாய். பாத்திரக் கடை வைத்திருந்தவர். அதற்கு ஆறு மாதம் முன்புதான் தவறிப்போனார். இத்தனை வருடத்தில் அவர் எங்களிடம் கேட்டது மிகக் கொஞ்சம். மோட்டார் போட்டால் நிறுத்த மறக்காதீர்கள் என்பார், அவ்வளவுதான். மகனும் மரியாதையான ஆள். பட்டு எடுக்க வருகிறவர்களும் கோயிலுக்கு வருகிறவர்களும் தங்க இடமில்லாமல் அலைகிறார்கள், அதனால் வீட்டை லாட்ஜாக மாற்றப்போகிறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, அவசரமில்லை என்றார். அன்று ரயிலில் தாம்பரம் போய்ச் சேரும்வரை, காலையில் அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

நான் தாம்பரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை ஷிப்ட். என் கணவருக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருமாக வீடு தேடத் தொடங்கினோம். வாடகை ஏறியிருக்கும் என்று தெரியும்; இப்படி ஏறியிருக்கும் என்று தெரியாது. ஆனாலும் என்னை உலுக்கியது வாடகை இல்லை.

வீடு காட்டுகிறவர்கள் எல்லோரும் எந்த ஊர் என்று கேட்டார்கள். என் அம்மா இருக்கும் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். ஐயம்பேட்டைக்கு அப்பால், ஷேர் ஆட்டோவில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டிய ஊர். உடனே இரண்டாவது கேள்வி வந்தது: ஊரில் எந்தப் பக்கம்? பதினான்கு வருடமாக என் காதில் விழாத கேள்வி அது. எங்கள் வீடு ஏரியைத் தாண்டிய காலனியில் இருக்கிறது. அதைச் சொன்னதும் ஒரு அம்மா, மகன் கல்யாணத்துக்காக மாடியை வைத்திருக்கிறோம் என்றார். இன்னொரு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் அதே தெரு வழியாக வந்தபோது 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த போர்டு இன்னும் இருக்குதேமா" என்றாள் மகள். என் கணவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

கடைசியில் ஒரு புரோக்கர் எங்களை ஐயம்பேட்டைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு புதிய நகருக்கு அழைத்துப்போனார். நுழைவாயிலில் பெரிய வளைவு. காஞ்சிபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த இடத்தின் பெயரிலேயே சென்னை இருந்தது. விமான நிலையம் வருகிறது, ரோடு அகலமாகிறது, இன்னும் ஐந்து வருடத்தில் இதுதான் சென்னை என்று புரோக்கர் பேசிக்கொண்டே வந்தார். பாதி மனைகளில் வீடு. மீதியில் புல்லும் எல்லைக் கற்களும். எங்களுக்குக் காட்டிய வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். முதலீட்டுக்காக வாங்கியவர், ஒரு நாளும் அதில் தங்கியதில்லை. போனில் பேசினார். எங்கே வேலை என்று மட்டும் கேட்டார். தாம்பரம், ஒரகடம் என்றோம். "குட்" என்றார். எந்த ஊர் என்று கேட்கவேயில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது.

அம்மாவிடம் இடத்தைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். நகராவதற்கு முன் அது கழனி. வெளியூர் நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் வண்டியில் ஏறிப்போய் அவள் அங்கே பல வருடம் நாற்று நட்டிருக்கிறாள். பால் காய்ச்சுகிற அன்று வந்தவள் வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு, எங்கள் படுக்கையறையில் நின்று, "இங்கதான்மா பம்புசெட்டு இருந்துச்சி" என்றாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அதே நேரம், இதை எதிர்வீட்டுக்காரி கேட்டுவிடுவாளோ என்று ஜன்னலையும் பார்த்தேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

எதிர்வீட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். முதல் நாளே வந்து, தாம்பரத்திலிருந்தா வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம், தாம்பரத்தில்தான் வேலை என்றேன். அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. அவள் தாங்கள் வேளச்சேரி என்றாள். அப்படித்தான் நான் தாம்பரத்துக்காரி ஆனேன். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக என் பேச்சை நானே மாற்றிக்கொண்டேன். 'இருக்குது' போய் 'இருக்கு' வந்தது. 'வந்துக்கினு' என்று வாய்வரை வந்ததை விழுங்கக் கற்றுக்கொண்டேன். கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்தினேன். ஆயா வீடு, அதாவது என் அம்மா வீடு, எங்கே என்று யாராவது கேட்டால் தூரம் என்று சொல்லிவிடு என்று மகளிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வீடு தேடிய நாட்களில் அவளும் எங்களோடு வந்தவள்தானே.

நகரில் குடியிருப்போர் சங்கம் இருந்தது. செயலாளர் சென்னையில் ஏதோ அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். சாந்தமான மனிதர், எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்தபோது அறிவிப்பு எழுத ஆள் தேடினார்கள். மருத்துவமனையில் வார்டு போர்டு எழுதிப் பழகிய கை எனக்கு. எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டார்கள். நகரில் இருந்த எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். யார் எடுத்திருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அது முடிவாகிவிட்ட விஷயமாக இருந்தது. லோக்கல் ஆட்கள்தான் என்றார் ஒருவர். காலி மனையில் புல் அறுக்க வருகிறார்கள், பழைய இரும்பு என்று சொல்லி உள்ளே நோட்டம் விடுகிறார்கள் என்றார் இன்னொருவர். ரயிலில் கூட வரும் பெண்கள் யாரையாவது இளக்காரமாகப் பேசும்போது 'சரியான லோக்கல்' என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அன்று அந்த வார்த்தை அந்தக் கூட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தபோது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரியும் ஆட்டினாள்.

கேட் போடுவது, காவலாளி வைப்பது, போர்டு மாட்டுவது என்று முடிவானது. ஃப்ளெக்ஸ் அடிக்க நாளாகும், அதுவரைக்கும் மேடம் எழுதிக் கொடுத்துவிடட்டும் என்றார் செயலாளர். மகளின் மார்க்கர் பேனாவை வாங்கி, வெள்ளை அட்டையில் எழுதினேன்: 'வெளியாட்கள் மற்றும் உள்ளூர் ஆட்களுக்கு உள்ளே வர அனுமதி இல்லை.' எழுத்து வரிசை கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். அதன் பொருள் என் தலையில் ஏறவேயில்லை. அல்லது ஏறவிடாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் மோட்டார் திரும்பி வந்தது. வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த காண்டிராக்டரே அதைக் கழற்றி வேறொரு வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். சொல்ல மறந்துவிட்டாராம். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். போர்டை யாரும் எடுக்கவில்லை. நானும்தான்.

அம்மா வந்தது அதற்கு அடுத்த மாதம், நல்ல வெயில் காலத்தில். சொல்லாமல் வந்தாள். பேத்திக்குப் பிடிக்கும் என்று தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் பள்ளிக்கூடம் விட்டுப் பேத்தி வந்துவிடுவாள் என்று கணக்கு. மருத்துவமனையில் எங்கள் போன் பணி முடியும்வரை லாக்கரில்தான் இருக்கும். பணி முடிந்து எடுத்துப் பையில் போட்டவள், வாலாஜாபாத்தில் இறங்கியபோதுதான் பார்த்தேன்; அம்மாவிடமிருந்து மூன்று அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

நகர் வளைவுக்கு முன் இறங்கியதும் கேட்டுக்கு வெளியே, ஜல்லிக் குவியலின் ஓரத்தில், முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். புல் அறுக்க வந்தவள் போல என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்த பிறகுதான் அது என் அம்மா என்று தெரிந்தது. பெற்ற தாயைத் தூரத்திலிருந்து பார்த்து, உள்ளே வரக்கூடாதவள் என்று என் கண்ணே முடிவு செய்திருக்கிறது.

காவலாளி வட மாநிலத்துக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் மேடம் என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, அந்த ஆளைத் திட்டாதே என்றாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தாராம், தண்ணீர் கொடுத்தாராம். நாற்காலியில் உட்கார இவளுக்குத்தான் கூச்சமாக இருந்ததாம். நடந்ததை அவளே சொன்னாள். மகள் வீட்டுக்கு வந்தேன் என்று இவள் சொன்ன தமிழ் அவருக்குப் புரியவில்லையாம்; என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இவள் போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அவர் இவளைப் பார்த்து, "லோக்கல்?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு நிம்மதியாகப் போயிருக்கிறது. உள்ளூர்க்காரி என்றால் விட்டுவிடுவார் என்று நினைத்திருக்கிறாள்.

"ஆமாம்பா, லோக்கல்தான், இந்தக் கழனியெல்லாம் நான் நட்டதுதான்னு சொன்னேன். அந்த ஆளு தலைய ஆட்டிக்கினு போர்டைக் காட்டுறாரு."

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே நல்ல பதில், நான் இந்த ஊர் என்பது. அதைச் சொன்னதற்காகத்தான் நிறுத்தி வைத்தார்கள். நான் போர்டைப் பார்த்தேன். 'உள்ளூர்' என்ற வார்த்தையும் 'உள்ளே' என்ற வார்த்தையும் ஒரே வரியில், வரிசை கோணாமல், என் கையெழுத்தில் இருந்தன.

வீட்டுக்குள் போய் முகம் கழுவினாள். சோறு வடித்தேன். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், கேட்டில் ஆயாவை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழம்பை ஊற்றும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த போர்டு உன் கையெழுத்து மாதிரி இருக்குதே."

அம்மா மூன்றாவதுவரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய நோட்டுகளையெல்லாம் மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருப்பாள். நான் 'ழ' போடும்போது கடைசிச் சுழியை நீளமாக இழுப்பேன். இரண்டரை மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு அதில் 'ழ' இல்லாமலே தெரிந்துவிட்டிருக்கிறது.

"ஆமாம்மா" என்றேன்.

"எழுதச் சொன்னாங்களா?"

"ஆமா."

"சரி, சாப்பிடு" என்றாள். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை. கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அட்டைக்குத் தன் பேனாவைக் கொடுத்தவள் அவள்.

அன்று சாயங்காலமே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொன்னதும் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அடடா, உங்க அம்மாவா? உங்க டோர் நம்பர் சொல்லியிருந்தா விட்டிருப்பானே மேடம். நாம லோக்கல் ஆளுங்களத்தானே சொன்னோம்."

"நான் லோக்கல்தான் சார்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அதில் எந்தப் பக்கம் என்பதையும், அவர் கேட்காமலே, சொன்னேன். இந்த மனைகளில் என் அம்மா நாற்று நட்டவள் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் ஓஸ் பைப்பைக் கீழே போட்டார். தண்ணீர் எங்கள் செருப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களப் பார்த்தா அப்படித் தெரியலையே மேடம்" என்றார்.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். ஒரு வருடமாக நான் வாங்க முயற்சி செய்துகொண்டிருந்த பாராட்டு அது. கையில் கொடுத்த பிறகுதான் அது என்ன என்று பார்த்தேன். நேராகக் கேட்டுக்கு நடந்தேன். கட்டுப் பிரிக்கும் கத்தரிக்கோல் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அதைக்கொண்டு கயிற்றை வெட்டி அட்டையை எடுத்துக்கொண்டேன். காவலாளி தடுக்கவில்லை. மேடம்தானே எழுதியது, மேடம்தானே எடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. மதியம் எதிர்வீட்டுக்காரி வந்தாள். அட்டையை எடுத்ததற்காகச் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து அவளே கதவைச் சாத்தினாள். தான் வேளச்சேரி இல்லை என்றாள். கல்யாணமான புதிதில் ஒன்றரை வருடம் அங்கே வாடகைக்கு இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறந்து வளர்ந்தது எல்லாம் வாலாஜாபாத். அவளுடைய அப்பா அங்கே ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர்கள் உத்திரமேரூர்ப் பக்கம். கடைக்கோடி வீட்டுக்காரர் பக்கத்து ஐயம்பேட்டையே என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். பேச்சில் தெரிந்துவிடும், நீங்கள் பேசியதிலும் முதல் நாளே தெரிந்துவிட்டது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கண் முன்னால் வந்தது. லோக்கல் ஆட்களை உள்ளே விடக்கூடாது என்று தலையாட்டியதில் எத்தனை பேர் லோக்கல்! ஒருவரையொருவர் தெரிந்துகொண்டே ஆட்டியிருக்கிறோம்.

"உங்க அப்பா இங்க வந்திருக்காரா?" என்று கேட்டேன்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். போகும்போது, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. இப்போதுகூட அவள் யார் என்று தெரியாதபடி சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு வாரத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் உள்ளூர் என்ற வார்த்தை இல்லை. 'அந்நியர்கள் பிரவேசிக்கக் கூடாது' என்று இருந்தது. செயலாளர் என்னைப் பார்த்தால் முன்னைவிட மரியாதையாக வணக்கம் சொன்னார், ஆனால் நிற்கமாட்டார். கோலப்போட்டி அறிவிப்பை அடுத்த தடவை பிரிண்ட் எடுத்து ஒட்டினார்கள்.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், விற்றுவிடப் போகிறேன் என்றார். ஏன் திடீரென்று என்று என் கணவர் கேட்டார். கேட் வந்துவிட்டது, செக்யூரிட்டி இருக்கிறது, இப்போது அது பாதுகாப்பான ஏரியா என்று பெயர் வாங்கிவிட்டது, அதனால் விலை ஏறிவிட்டது என்றார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததில் என் பங்கும் இருந்தது. அதே பெயர்தான் எங்களையும் வெளியே அனுப்பியது.

சாமான் கட்ட அம்மா வந்தாள். கேட்டில் டோர் நம்பரைச் சொன்னால் விடுவார்கள் என்று சொல்லியிருந்தேன். அவள் சொல்லவில்லை. வெளியிலேயே நின்று போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள். போய்க் கூட்டி வந்தேன்.

இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறோம், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில். வீடு பார்க்கப் போன இடங்களில் எல்லாம் முதலிலேயே முழுவதையும் சொன்னேன். இரண்டு பேர் மறுத்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மா யோசித்துவிட்டு, வண்டி நிறுத்த இடம் குறைவு, பரவாயில்லையா என்றார். மகளுக்கு இங்கே தோழிகள் கிடைத்துவிட்டார்கள். பழைய எதிர்வீட்டுக்காரியைச் சில நாள் பிளாட்பாரத்தில் பார்ப்பேன். இருவரும் சிரித்துக்கொள்வோம்.

போன வாரம் ரயிலில் ஓர் இளம்பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் மனை விளம்பரத் தாள். அதே நகர், இரண்டாம் கட்டம். பல்லாவரத்தில் வேலையாம், வரப்போகிற வீட்டைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினாள்.

"அங்க ஆளுங்க எல்லாம் எப்படிக்கா?" என்று கேட்டாள்.

நான் அங்கே குடியிருந்ததைச் சொன்னேன். என் அம்மாவைக் கேட்டில் நிறுத்தியதைச் சொன்னேன். அதற்கான போர்டை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். வீட்டாரைத் தவிர வேறு ஒருவரிடம் அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். செங்கல்பட்டு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, அங்கே தண்ணீர் உப்பா என்று கேட்டாள்.

இல்லை, நல்ல தண்ணீர்தான் என்றேன்.